எங்கள் இட்டேறி விழுங்கிய கிராவல்

கொழிஞ்சாம்பாறையைத் தாண்டி வேலந்தாவளம் பக்கம் வரும்போது, தார் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் எங்கள் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, 640 மீட்டர். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் மூன்று மீட்டர் அகலத்தில் வண்டித்தடம். மாநிலம் கேரளம், பேச்சு தமிழ். அதனால் இதை நாங்கள் இட்டேறி என்றுதான் சொல்வோம். நான்கு குடும்பங்கள் இந்தத் தடத்தை நம்பி இருக்கின்றன. காலையும் மதியமும் பால் சொசைட்டிக்குப் போகும் கேன்கள், தேங்காய் ஏற்ற வரும் வண்டி, பள்ளிக்கூட ஆட்டோ, தீவன மூட்டை எல்லாம் இதில்தான் வர வேண்டும்.

2022 ஐப்பசியில் என் மாமனார் டிவிஎஸ் எக்ஸெல்லில் பால் கேனோடு விழுந்தார். வேகமாகப் போய் விழவில்லை. முன் சக்கரம் சேற்றில் இறங்கி நின்றுவிட்டது, வண்டி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. பதினான்கு லிட்டர் பால் மண்ணோடு போனது. முட்டியில் அடி, ஒரு மாதம் கட்டிலோடு இருந்தார். படுத்துக்கொண்டே அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கல்லப் போட்டாக் கல்லத் திங்குது கண்ணு இந்த மண்ணு. எத்தன வருசமாத் தின்னுட்டு இருக்குது."

அன்று ராத்திரி கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். வருஷம் தவறாமல் ஐந்து டிப்பர் லோடு செம்மண் கிராவல், லோடு 5,500 ரூபாய். கார்த்திகையில் கொட்டிப் பரப்புவோம், வெயில் காலம் முழுக்க நன்றாக இருக்கும், அடுத்த மழைக்கு எங்கே போனது என்று தெரியாது. ஆறு வருஷத்தில் 30 லோடு. அத்தனையும் அந்த 640 மீட்டருக்கு என்றால்கூடப் பரவாயில்லை. முக்கால்வாசி போனது நடுவில் இருக்கும் நூறு மீட்டர் பள்ளத்துக்கு.

கல்யாணத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவள். அடுத்தவர்கள் கொண்டுவந்த மண்ணையெல்லாம் சலித்து, உருட்டி, எடை போட்டு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சொந்தத் தடத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்க்க மாமா விழ வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு வலித்தது.

மழை விட்டதும் அந்தப் பள்ளத்தில் மண்வெட்டியால் ஒரு குழி வெட்டினேன். மேலே ஒரு சாண் வரை வெறும் கருப்புக் களி. அதற்குக் கீழே களிக்குள் சிவப்புக் கல் ஒன்று இங்கே, ஒன்று அங்கே. இன்னும் கீழே, முழங்கால் ஆழத்தில், பழைய கிராவல் இன்னும் நெருக்கமாகக் கிடந்தது. ஒரு கல்லை எடுத்துத் துடைத்தால், சுற்றி மாவு அப்பியதுபோலக் களி. கல் எங்கேயும் அடித்துக்கொண்டு போகவில்லை. சக்கரம் மேலிருந்து அழுத்த அழுத்தக் கல் கீழே இறங்கியிருக்கிறது, கல்லுக்கு நடுவே களி மேலே ஏறியிருக்கிறது. மாமா சொன்னது பேச்சுக்குச் சொன்னதில்லை, அப்படியே நடந்ததுதான்.

கேரளம் என்றாலே செம்மண்ணும் வெட்டுக்கல்லும்தான் வெளியில் இருப்பவர்களுக்கு நினைவு வரும். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலில் இருக்கும் சித்தூர் தாலுகாவில் மட்டும் கரிசல் உண்டு. மழையும் மற்ற கேரளத்தைவிட இங்கே குறைவு. பருத்திக்கும் கடலைக்கும் நல்ல மண்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ரோட்டுக்கு ஆகாது. இதில் இருக்கும் களிக்கு மான்ட்மோரில்லோனைட் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும், தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் மண் ஊதும், காய்ந்தால் சுருங்கி விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாகத்தான் அடுத்த மழைத் தண்ணீர் நேராக உள்ளே இறங்குகிறது.

எவ்வளவு ஊதுகிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஐ.எஸ். 2720 என்ற இந்தியத் தரத்தில் இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. 100 மில்லி அளவுக் குடுவை இரண்டு வேண்டும். மண்ணை நன்றாக உலர்த்தி, நுணுக்கி, மெல்லிய சல்லடையில் சலித்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பத்து கிராம் போட வேண்டும். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கி, 24 மணி நேரம் அப்படியே விட வேண்டும். மண்ணெண்ணெய் களித் தகடுகளுக்குள் புகாது, அதனால் அதில் மண் தன் அளவிலேயே நிற்கும். என் குடுவைகளில் மண்ணெண்ணெயில் 9 மில்லி, தண்ணீரில் 18 மில்லி. அதாவது நூறு சதவீதம் ஊதல். ஐம்பதைத் தாண்டினாலே எச்சரிக்கையாக இருக்க வேண்டிய மண். அத்தை அந்த இரண்டு குடுவைகளையும் ஜன்னலில் வைத்து, வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினார். "ரெண்டும் ஒரே மண்ணுதானுங்க, பாருங்க" என்று. நான் எத்தனை விளக்கிச் சொல்லியும் ஏறாத விஷயம் அந்தக் குடுவையைப் பார்த்ததும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களுக்கு ஏறியது.

இப்படி ஊதும் மண்ணுக்குக் கல்லைவிடச் சுண்ணாம்பு உதவும். எங்கள் பக்கத்தில் சுண்ணாம்பைப் பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதநீர் இறக்கும் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, தடவாவிட்டால் கள். சுண்ணாம்பின் காரத்தில் நுரைக்க வைக்கும் கிருமிகள் பிழைக்காது. மண்ணிலும் வேலை செய்வது சுண்ணாம்பின் கால்சியமும் அந்தக் காரமும்தான். நீற்றிய சுண்ணாம்பை ஈரக் களியில் கலந்தால், அதில் இருக்கும் கால்சியம் தகடுகளைப் பற்றிக்கொள்கிறது. தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குருணையாகின்றன. இது சில மணி நேரத்திலேயே நடப்பதைக் கையால் உணரலாம். அதற்கப்புறம் நடப்பது மெதுவான வேலை. காரம் மிகும்போது களியிலிருந்தே சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து வெளியே வந்து, கால்சியத்தோடு சேர்ந்து சிமெண்ட் போன்ற ஒரு பசையாகிறது. மாதக்கணக்கில் இறுகிக்கொண்டே இருக்கும்.

கையால் உணரலாம் என்றேனே, அதைச் சொல்லிவிடுகிறேன். ஈரக் களியை ஒரு கண்ணாடித் தட்டின்மேல் வைத்து உள்ளங்கையால் நூலாக உருட்ட வேண்டும். எந்த ஈரத்தில் 3 மில்லிமீட்டர் தடிமனில் நூல் உடையத் தொடங்குகிறதோ, அதுதான் அந்த மண்ணின் குழைவு எல்லை. ஸ்வீடன்காரர் அட்டர்பர்க் 1911-இல் வகுத்த அளவுகளில் ஒன்று. எங்கள் பள்ளத்து மண் சேமியாவைவிட மெல்லியதாக உருண்டது, உடையவே இல்லை. அதே மண்ணில் சுண்ணாம்பைப் பிசைந்து, ஈரத் துணி போட்டு மூடி வைத்து, மறுநாள் காலையில் உருட்டினேன். பென்சில் தடிமன் வருவதற்குள் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. விரலில் ஒட்டவும் இல்லை. எட்டு வருஷம் செய்த வேலைதான், இருந்தும் அன்றைக்கு அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு மாமாவின் கட்டிலுக்கு ஓடினேன்.

எவ்வளவு சுண்ணாம்பு என்பதற்கும் கணக்கு உண்டு. 1966-இல் அமெரிக்காவில் ஈட்ஸ், கிரிம் என்ற இருவர் ஒரு எளிய முறை சொன்னார்கள். மண்ணில் 2, 3, 4 சதவீதம் என்று ஏற்றி ஏற்றிக் கலந்து, தண்ணீரில் குழப்பி, ஒரு மணி நேரம் கழித்து, காரம் எவ்வளவு என்று காட்டும் பி.எச். அளவைப் பார்க்க வேண்டும். எந்த மிகக் குறைந்த அளவில் 12.4 தொடுகிறதோ, அதுதான் அந்த மண்ணுக்குத் தேவையான சுண்ணாம்பு. பழைய சிநேகிதி ஒருத்தி தன் லேபில் அளந்து கொடுத்தாள். எங்களுக்கு 5 வந்தது. அந்த அளவில் கலந்து மறுபடியும் குடுவையில் போட்டுப் பார்த்தேன், 18 மில்லியாக நின்றது 11-க்கு இறங்கியது.

ஆனால் முதல் தடவை தோற்றுப்போனோம். 2023 தை மாதத்தில் பத்து மீட்டருக்குச் செய்து பார்த்தோம். சுண்ணாம்பு மூட்டைகளை முன்கூட்டியே வாங்கி, மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஒரு கிழிந்த தார்ப்பாய்க்குக் கீழே மூன்று மாதம் வைத்திருந்தோம். பனியும் காற்றும் பட்டால் நீற்றிய சுண்ணாம்பு கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு திரும்பவும் சுண்ணாம்புக்கல்லாகவே மாறிவிடும். வெள்ளையாகத்தான் இருக்கும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதைக் கலந்தால் மண்ணில் சாக்பீஸ் பொடியைக் கலந்த மாதிரிதான். ஆனி மழையில் அந்தப் பத்து மீட்டர் பழையபடியே கொழகொழத்தது. இப்போது மூட்டை வந்ததும் ஒரு கரண்டிப் பொடியில் எலுமிச்சைச் சாறு பிழிந்து பார்க்கிறேன். நன்றாக நுரைத்துப் பொங்கினால் அந்த மூட்டையைத் திருப்பிவிடுவேன்.

இன்னொரு காரணமும் இருந்தது, அதைக் கவனிக்க எனக்குத் தாமதமாகிவிட்டது. இட்டேறிகள் பெரும்பாலும் இரண்டு பக்கத்துக் காட்டையும்விடத் தாழ்ந்தே இருக்கும். தலைமுறை தலைமுறையாக வண்டி ஓடித் தேய்ந்தது, வேலியோரம் வரப்பு உயர்ந்தது. மழை பெய்தால் தடம்தான் வாய்க்கால். எந்த மருந்தைப் போட்டாலும் தண்ணீர் தேங்கும் இடத்தில் ரோடு நிற்காது. இதை நான் பெரிய எழுத்தில் எழுத வேண்டும்போல இருக்கிறது. சுண்ணாம்பு வாங்கக் காசு இல்லாதவர்கள்கூட ஒரு காலுவாய் வெட்டினால் பாதி வேலை முடிந்தது.

எங்கள் பள்ளத்துக்குத் தண்ணீர் வந்தது மேற்கே பங்காளி வீட்டுக் காட்டு மடையிலிருந்து. பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். முதலில் முகம் கொடுக்கவில்லை. "எங்கப்பன் காலத்து மடை கண்ணு அது" என்றார். ஒரு மழை நாளில் குடையோடு அழைத்துப் போய்க் காட்டினேன். நின்று பார்த்தார். அடுத்த வாரம் அவரே ஆள் விட்டு மடையைத் தெற்குப் பக்கம் திருப்பினார், குழாய் வாங்கியதும் அவர் காசில்தான். இந்தத் தடத்துக்குக் கிடைத்த பெரிய உதவி அதுதான் என்று இன்றும் சொல்வேன்.

2024 மாசிக் கடைசியில் முழு நூறு மீட்டரையும் எடுத்தோம். மார்கழி, தை வேண்டாம் என்று காத்திருந்தோம். கணவாய்க் காற்று அந்த நாட்களில் ஆளைத் தள்ளும், சுண்ணாம்புப் பொடியை அதில் கொட்டினால் பாதி பக்கத்துத் தோப்புக்குப் போகும், மீதி கண்ணுக்குப் போகும். மாசியிலும் விடியற்காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து எட்டரைக்குள் பொடி பரப்பும் வேலையை முடித்தோம். எல்லோருக்கும் கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை. பக்கத்தில் இரண்டு குடம் நல்ல தண்ணீர் தனியாக. சுட்ட சுண்ணாம்பை வாங்கி அங்கேயே நீற்றினால் மலிவு என்று ஒருவர் சொன்னார், நான் சம்மதிக்கவில்லை. அது கொதிக்கும், தெறிக்கும். பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் அந்த மிச்சம் வேண்டாம்.

முதலில் மேல்மண்ணை ஒரு கைப்பிடி உயரத்துக்குச் சுரண்டி எடுத்தோம். மாடுகள் நடக்கும் தடம், சாணமும் சருகும் ஊறிய மண். மக்கு அதிகம் உள்ள மண்ணில் சுண்ணாம்பு சரியாக வேலை செய்யாது. அந்த மண் தென்னங்கன்றுகளுக்குப் போனது. பிறகு 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு உழவு. கணக்கு இதுதான்: ஒரு மீட்டர் நீளத்தில் மூன்று மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் ஆழம் என்றால் காய்ந்த மண் ஏறக்குறைய 675 கிலோ. ஐந்து சதவீதம் என்றால் 34 கிலோ. அதனால் 25 கிலோ மூட்டை ஒன்றுக்கு முக்கால் மீட்டர் என்று கோடு கிழித்து, கோட்டுக்கு ஒரு மூட்டை வைத்துப் பிரித்தோம். மொத்தம் 135 மூட்டை. பல்வாரியால் பரப்பி, ரோட்டவேட்டரை இரண்டு சால் ஓட்டி, டேங்கரில் தண்ணீர் தெளித்து, மறுபடி இரண்டு சால். அன்றைக்கு அவ்வளவுதான். ரோலர்காரத் தம்பி, "இப்பவே ஓட்டிடலாங்க்கா, நாளைக்கு வேற வேலை இருக்குது" என்று நின்றார். ராத்திரி முழுக்க அது ஊற வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலையில் மண்ணின் நிறமே மாறியிருந்தது. கருப்பு போய்ச் சாம்பல் நிறம். வாழைப்பழம் பெரிதுக்கு இருந்த கட்டிகள் எல்லாம் காலால் மிதித்தாலே கடலைப்பருப்பு அளவுக்கு உதிர்ந்தன. மறுபடியும் ஒரு சால் ஓட்டி, ஈரம் பார்த்தோம். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரித்தால் கையில் ஈரம் தெரிய வேண்டும், சேறு ஒட்டக் கூடாது. உழவுக்குப் பதம் பார்க்கத் தெரிந்த எவருக்கும் இது தெரியும். மாமாதான் பார்த்தார், ஊன்றுகோலோடு வந்து குனிந்து. "இன்னும் ரெண்டு குடம் ஊத்து" என்றார், சரியாகத்தான் இருந்தது.

ரோலர் ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வர வேண்டும். நடு உயர்ந்து ஓரம் தாழ வேண்டும். மண் ரோட்டுக்குத் தார் ரோட்டைவிட அதிகச் சாய்வு தேவை, நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து. எங்கள் அகலத்துக்கு நடுவில் ஏழு சென்டிமீட்டர் உயரம். நூல் கட்டி, தண்ணீர்க் குழாய் மட்டம் வைத்துப் பார்த்தோம். அப்புறம் ஏழு நாள் வண்டி விடாமல் காலையும் மாலையும் லேசாகத் தண்ணீர் தெளித்தோம். அந்த ஏழு நாளும் பால் கேனைத் தலையில்தான் தூக்கினோம், யாரும் முணுமுணுக்கவில்லை.

சுண்ணாம்பு மண் பாரத்தைத் தாங்கும். ஆனால் சக்கரத்தின் நேர் உராய்வு பட்டால் தேயும், தூசியாகும். அதனால் மேலே பத்து சென்டிமீட்டர் கிராவல் கட்டாயம். இந்தக் கிராவலிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கல், மணல், கொஞ்சம் களி மூன்றும் வேண்டும். களி இல்லாவிட்டால் பிடிப்பு இல்லை, வெயிலில் கல் உதிர்ந்து தடத்தில் வரிவரியாக அலை விழும். களி கூடினால் மழையில் வழுக்கும். ரோட்டு முனையில் இருக்கும் எங்கள் 80 மீட்டர் கரட்டுத் தடம் அப்படித்தான் வெறும் சரளையும் மணலுமாக, சைக்கிள் சறுக்கும் இடமாக இருந்தது. அங்கே சுண்ணாம்புக்கு வேலையே இல்லை, பற்றிக்கொள்ளக் களி இருந்தால்தானே. காலுவாய் வெட்டியபோது வந்த கரிமண்ணை உலர்த்தி நுணுக்கி, பத்துக்கு ஒன்று என்ற அளவில் அதில் கலந்து உருட்டினோம். காசு செலவில்லை. ஒரு பக்கத்துக்குப் பகையான மண் இன்னொரு பக்கத்துக்குப் பசையானது.

சிமெண்ட் போடலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. மணல் கலந்த மண்ணுக்குச் சிமெண்ட் நல்லது. இந்தக் களியில் அது சீராகக் கலக்காது, கட்டி கட்டியாக நிற்கும். அரிசி மில் உமிச்சாம்பலைச் சுண்ணாம்போடு சேர்த்தால் நல்ல பலன் உண்டு, அதில் பெரும்பகுதி சிலிக்காதான். பாலக்காட்டில் அதற்குப் பஞ்சமும் இல்லை, அடுத்த துண்டுக்கு முயல்வதாக இருக்கிறேன். தேங்காய் நார்க் கயிற்றுப் பாயைக் களிக்கும் கிராவலுக்கும் நடுவே விரிப்பதும் நல்ல வழி. கல் கீழே இறங்காமல் தடுக்கும். 2020-இல் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் அதைச் சேர்த்தார்கள். பாட்டிலில் ஒரு திரவத்தைக் கொண்டுவந்து, எந்த மண்ணானாலும் கல்லாக்கிவிடும் என்று ஒருவர் எங்கள் சாளைக்கே வந்தார். எங்கள் மண்ணில் சோதித்த ரிப்போர்ட் கேட்டேன், இல்லை. அனுப்பிவிட்டேன். எந்த மண்ணுக்கும் ஒரே மருந்து என்று சொல்லும் எதையும் நான் நம்ப மாட்டேன். சுண்ணாம்பும் அப்படித்தான். ஜிப்சம் படிகங்கள் மின்னும் கரிசலில் சுண்ணாம்பு போட்டால், ஜிப்சத்தில் இருக்கும் சல்பேட்டோடு சேர்ந்து முன்னைவிட மோசமாக ஊதும். குழி வெட்டிப் பார்க்காமல், சோதிக்காமல் யாரும் மூட்டை வாங்க வேண்டாம்.

செலவு: சுண்ணாம்பு 37,000, டிராக்டரும் தண்ணீரும் 12,000, ரோலர் 9,000, கிராவல் ஏழு லோடு 38,500. மொத்தம் 96,500 ரூபாய். நான்கு குடும்பம் பிரித்துக்கொண்டோம், பெரியப்பா மடைச் செலவைச் சேர்க்க விடவில்லை. வருஷம் 27,500 போய்க்கொண்டிருந்த இடத்தில், இப்போது குழி அடைக்க ஒரு லோடு போதும். அப்படியானால் ஐந்தாம் வருஷத்துக்குள் போட்ட காசு திரும்பிவிடும். அதுவும் காலுவாயை ஒவ்வொரு மழைக்கு முன்னாலும் தூர்வாரினால்தான். அந்த வேலையை நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன், வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும்.

இரண்டு மழைக்காலம் போய்விட்டது. போன ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்து ஓய்ந்ததும் கடப்பாரையோடு போனேன். பக்கத்தில் சுண்ணாம்பு போடாத இடத்தில் கடப்பாரையைச் சும்மா விட்டாலே ஒரு சாண் இறங்கியது. நூறு மீட்டருக்குள் கிராவலை விலக்கிவிட்டு ஓங்கிக் குத்தினேன். ணங் என்று கை அதிர்ந்தது, முனை கட்டைவிரல் நகம் அளவுக்குக்கூட இறங்கவில்லை. இரண்டு இடத்தில் ஓரம் மட்டும் கொஞ்சம் கரைந்திருக்கிறது, தேங்காய் வண்டி திரும்பும் முனை. அங்கே அகலம் போதவில்லை, அது என் கணக்கில் விட்டுப்போனது.

இப்போது எங்கள் திண்ணையில் ஆறு ஜோடிக் குடுவைகள் இருக்கின்றன. எருத்தேம்பதியிலிருந்து ஒருவர், வண்ணாமடைப் பக்கத்திலிருந்து இருவர் பிளாஸ்டிக் பையில் தங்கள் தடத்து மண்ணைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். ஒட்டுத்தாளில் பேர் எழுதி ஒட்டுவது அத்தையின் வேலை. நாளைக் காலை பத்து மணிக்கு 24 மணி நேரம் ஆகிறது.